இரண்டு புள்ளி வேகம்: போக்கிமான் போட்டி ஆட்டத்துக்குள் புதிதாக நுழைவோருக்கு

‘போக்கிமான் ஸ்கார்லெட்’ வீடியோ கேம் ஆட்டத்தின் கதையை முடித்த மறுநாள் இரவு, முதன்முறையாக இணையம் வழியே இன்னொரு மனிதரோடு மோதினேன். என் பக்கம் கார்சோம்ப் நின்றது. டிராகன், நிலம் என்ற இரண்டு வகைகளும் சேர்ந்த, சுறாத் தலை கொண்ட போக்கிமான், அதாவது நாம் பிடித்து வளர்த்துச் சண்டைக்கு அனுப்பும் கற்பனை உயிரினம். கதை முழுக்க என் அணியைத் தாங்கி நின்றது அதுதான். எதிரே சாரிசார்ட் வந்தது. நெருப்பும் பறத்தலும் சேர்ந்த வகை என்பதால் பாறை விழுந்தால் அதற்கு நான்கு மடங்கு வலிக்கும். கார்சோம்ப்புக்குப் பாறைகளை உருட்டிவிடும் ‘ராக் ஸ்லைடு’ தெரியும். நான் பார்த்த பட்டியல்களில் எல்லாம் கார்சோம்ப்தான் சாரிசார்ட்டைவிட வேகமானது. எனவே தயங்காமல் பொத்தானை அழுத்தினேன்.

சாரிசார்ட் முந்திக்கொண்டது. தீப்பொறிகள் கார்சோம்ப்பைச் சுற்றிச் சுட்டன. பிறகு பாறைகள் விழுந்தன. சாரிசார்ட் பாதி உயிரோடு அப்படியே நின்றது. சில நிமிடங்களில் ஆட்டம் என் கையைவிட்டுப் போய்விட்டது. அதற்குள் என்ன நடந்தது என்று முழுமையாகப் புரிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது. அந்த ஒரு மாதத்தை உங்களுக்கு மிச்சப்படுத்த முடியுமா என்று பார்க்கிறேன்.

முதலில் அடிப்படை. கேம் ஃப்ரீக் நிறுவனம் உருவாக்கி 1996-இல் ஜப்பானில் வெளிவந்த முதல் போக்கிமான் ஆட்டங்களிலிருந்து இன்றுவரை சண்டையின் எலும்புக்கூடு மாறவில்லை. ஒவ்வொரு போக்கிமானும் நான்கு வித்தைகளை வைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தில் இவற்றை ‘மூவ்’ என்பார்கள். நான் வித்தை என்றே சொல்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் நீங்கள் ஒன்று தாக்கலாம், அல்லது களத்தில் இருப்பதை உள்ளே அழைத்து வேறொன்றை அனுப்பலாம். இதில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் முடிவெடுக்கிறார்கள். சதுரங்கத்தில் எதிராளி காயை நகர்த்திய பிறகு நீங்கள் யோசிக்கலாம். இங்கே அந்த வசதி இல்லை. இரு முடிவுகளும் பூட்டப்பட்ட பிறகுதான் திரையில் ஏதாவது நடக்கும்.

கதையில் இது உறைக்காது. கணினி இயக்கும் எதிராளிகள் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்று அடித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் போக்கிமானின் நிலை (லெவல்) சற்று உயர்வாக இருந்தால் போதும், பலமான வித்தையை அழுத்திக்கொண்டே போகலாம். கதை நமக்கு அடிக்கக் கற்றுத்தருகிறது. மனிதரோடு மோதும்போது கற்க வேண்டியது, எந்தச் சுற்றில் அடிக்கக் கூடாது என்பதை. புதிதாக வருபவர்களிடம் நான் வலியுறுத்திச் சொல்வது இதைத்தான்.

வகைகளைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஆட்டத்தைத் தொட்டவர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். மொத்தம் 18 வகைகள். நீர் நெருப்பை இரண்டு மடங்கு தாக்கும், நெருப்பு நீரைப் பாதியளவே தாக்கும். சில சேர்க்கைகளில் தாக்குதல் ஏறவே ஏறாது. பறக்கும் போக்கிமானை நிலநடுக்கம் தொடாது. இரண்டு வகை கொண்ட போக்கிமானுக்கு இரண்டும் பெருக்கிக்கொள்ளும். சாரிசார்ட்டுக்குப் பாறை நான்கு மடங்கானது அப்படித்தான். ஒரு போக்கிமான் தன் சொந்த வகை வித்தையைப் பயன்படுத்தினால் பலம் ஒன்றரை மடங்கு. அட்டவணை முழுவதையும் முதல் நாளே மனப்பாடம் செய்ய உட்கார வேண்டாம். விளையாட விளையாடத் தானாகப் படியும்.

பிறவி, பயிற்சி, சுபாவம்

என் கார்சோம்ப் ஏன் பிந்தியது? இந்த இடத்தில் சற்று நிதானமாக நின்று பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு போக்கிமானுக்கும் ஆறு திறன் அளவுகள் உண்டு. உயிர், தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம். ஓர் இனத்துக்கென்று நிலையான அடிப்படை எண்கள் இருக்கின்றன. கார்சோம்ப்பின் அடிப்படை வேகம் 102, சாரிசார்ட்டுடையது 100. நான் பட்டியலில் பார்த்தது இந்த எண்களைத்தான். களத்தில் வந்து நிற்கும் எண் வேறு. அதைத் தீர்மானிப்பவை இன்னும் மூன்று.

ஒன்று, பிறவிப் புள்ளிகள். ஆட்டக்காரர்கள் ‘ஐவி’ என்பார்கள். ஒவ்வொரு திறனுக்கும் 0 முதல் 31 வரை, பிறக்கும்போதே அமைந்துவிடுவது. இரண்டாவது, பயிற்சிப் புள்ளிகள், அதாவது ‘ஈவி’. இவற்றை நீங்கள் பங்கிட்டுக் கொடுக்கிறீர்கள். ஒரு திறனுக்கு 252 வரை, ஆறுக்கும் சேர்த்து 510 வரை. இரண்டு திறன்களை முழுமையாக நிரப்பினால் மிச்சம் ஆறு புள்ளிகள்தான். எல்லாவற்றிலும் சிறந்த போக்கிமானை உருவாக்க முடியாதபடி ஆட்டமே கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. அது நல்லதுதான். மூன்றாவது, சுபாவம். மொத்தம் 25 சுபாவங்கள். அவற்றில் 20, ஒரு திறனை 10 சதவீதம் உயர்த்தி இன்னொன்றை 10 சதவீதம் குறைப்பவை. மற்ற ஐந்தும் எதையும் மாற்றாதவை.

இப்போது கணக்கு. அதிகாரப்பூர்வப் போட்டிகளில் எல்லாப் போக்கிமான்களும் 50-ஆம் நிலைக்குக் கொண்டுவரப்படுகின்றன. நீங்கள் 100-ஆம் நிலை வரை வளர்த்திருந்தாலும் களத்தில் 50-தான். அந்த நிலையில், பிறவிப் புள்ளி 31 இருந்து, பயிற்சியில் வேகத்துக்கு எதுவுமே கொடுக்காத கார்சோம்ப்பின் வேகம் 122. பயிற்சிப் புள்ளிகளை 252 வரை நிரப்பினால் 154. வேகத்தை உயர்த்தும் ‘ஜாலி’ சுபாவமும் சேர்ந்தால் 169. அதே வழியில் உச்சத்துக்கு வளர்த்த சாரிசார்ட்டின் வேகம் 167.

169-க்கும் 167-க்கும் இடையே இரண்டு புள்ளிதான். ஆனால் யார் முதலில் செயல்படுவது என்ற கேள்விக்கு ஒரு புள்ளியே போதும். இருபது புள்ளி முந்தினாலும் ஒரு புள்ளி முந்தினாலும் பலன் ஒன்றே. என் கார்சோம்ப் ‘அடமன்ட்’ சுபாவம். தாக்குதலை உயர்த்தும், வேகத்தைத் தொடாது. அதனால் அது 154-இல் நின்றது. பலம் கூடுதலாக இருக்கட்டும் என்று நான் விரும்பி வைத்த சுபாவம் அது. அந்தப் பலத்தைக் காட்டும் முன்பே சாரிசார்ட் ‘வில்-ஓ-விஸ்ப்’ என்ற வித்தையால் அதைச் சுட்டுவிட்டது. தீக்காயம் பட்ட போக்கிமானின் உடல்பலத் தாக்குதல்கள் பாதியாகிவிடும். பாறை விழுந்தும் சாரிசார்ட் சாயாததற்குக் காரணம் அதுதான்.

இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு வருத்தம் போய்விட்டது. மர்மம் எதுவும் இல்லை. அந்தச் சுற்று தொடங்கும் முன்பே, நான் சுபாவத்தைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே முடிவாகியிருந்தது.

சேதக் கணக்கையும் ஒருமுறை கிட்டப் பார்த்துவிடுவோம். ஜாலி சுபாவமும் தாக்குதலில் முழுப் பயிற்சியும் கொண்ட கார்சோம்ப், பக்கத்துக்கு இரண்டு போக்கிமான்கள் நிற்கும் இரட்டையர் ஆட்டத்தில் ராக் ஸ்லைடால் தாக்குகிறது. எதிரே உயிரிலும் தற்காப்பிலும் பயிற்சி எதுவும் இல்லாத சாரிசார்ட், உயிர் 153. விழும் சேதம் 156 முதல் 188 வரை. ஆட்டம் ஒவ்வொரு தாக்குதலையும் 85 முதல் 100 சதவீதம் வரை 16 படிகளில் ஒன்றைக் குலுக்கி எடுத்துப் பெருக்குகிறது. அதனால்தான் சேதம் ஒரே எண்ணாக இல்லாமல் ஓர் எல்லைக்குள் வருகிறது. மிகக் குறைந்த படியிலும் 156. எனவே பாறை பட்டால் சாரிசார்ட் நிச்சயம் சாயும்.

அதே சாரிசார்ட்டின் உயிரில் 252 பயிற்சிப் புள்ளிகள் இருந்தால் உயிர் 185 ஆகிறது. இப்போது 16 படிகளில் உச்சப் படியான 188 மட்டுமே அதைச் சாய்க்கும். மற்ற 15-இலும் அது பிழைத்துக்கொள்ளும். ஒருவர் வேகத்தையோ சிறப்புத் தாக்குதலையோ விட்டுக்கொடுத்து உயிரில் ஏன் புள்ளி போடுகிறார் என்று ஆரம்பத்தில் எனக்குப் புரிந்ததே இல்லை. இந்த இரண்டு வரிக் கணக்கைப் பார்த்த பிறகு புரிந்தது. இவற்றை நீங்கள் தாளில் போட வேண்டியதில்லை. சேதக் கணிப்பான்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. ஆனால் முதல் சில கணக்குகளையாவது உங்கள் சொந்த அணியை வைத்துப் போட்டுப் பாருங்கள். எண்கள் அப்போதுதான் மனதில் ஒட்டும்.

எந்த ஆட்டம்?

போட்டி ஆட்டம் என்று சொன்னாலும் உள்ளே இரண்டு பெரிய தெருக்கள் இருக்கின்றன.

ஒன்று ஒற்றையர். ஆறுக்கு ஆறு, களத்தில் ஒன்றுக்கு ஒன்று. இதன் பெரும் மரபை வளர்த்தது 2004-இல் தொடங்கிய ஸ்மோகன் என்ற ரசிகர் சமூகம். எந்தப் போக்கிமான் எவ்வளவு பயன்படுத்தப்படுகிறது என்ற கணக்கை வைத்து அவர்கள் அடுக்குகள் பிரித்திருக்கிறார்கள். இதனால் பலவீனமான போக்கிமான்களும் தமக்கு நிகரானவற்றோடு மோத இடம் கிடைக்கிறது. இந்த ஆட்டம் நீண்டது, பொறுமையைக் கேட்பது. ‘ஸ்டெல்த் ராக்’ என்று ஒரு வித்தை எதிர்ப்பக்கத் தரையில் கூர்பாறைகளை மிதக்கவிடும். பிறகு உள்ளே வரும் ஒவ்வொரு போக்கிமானையும் அது குத்தும். பாறைக்கு நான்கு மடங்கு அஞ்சும் சாரிசார்ட், களத்தில் கால் வைத்தாலே பாதி உயிரை இழக்கும். ஒற்றையரில் சாரிசார்ட்டை நேசிப்பவர்கள் படும் பாடு இதனால்தான்.

இன்னொன்று இரட்டையர். அதிகாரப்பூர்வ உலகப் போட்டி இந்த வடிவில்தான் நடக்கிறது. ஆறு போக்கிமான்களோடு வருவீர்கள். ஆட்டம் தொடங்கும் முன் இருவரும் ஒருவர் அணியை மற்றவர் பார்த்து, ஆறில் நான்கை மட்டும் தேர்ந்தெடுப்பார்கள். களத்தில் பக்கத்துக்கு இரண்டு. ஒரே இனத்தில் இரண்டு கூடாது, போக்கிமான் சண்டையில் கையோடு வைத்திருக்கும் பொருள் ஒன்றையே இரண்டு போக்கிமான்களுக்குக் கொடுக்கவும் கூடாது. ஆட்டம் விரைவாக முடிந்துவிடும்.

புதிதாக வருபவர்களுக்கு நான் இரட்டையரைத்தான் சொல்வேன். ஒற்றையரில் தோற்றால், இருபது சுற்றுகளுக்கு முன் செய்த தவறு எது என்று தேடிக் கண்டுபிடிக்கவே தனித் தேர்ச்சி வேண்டும். இரட்டையரில் ஆட்டம் பெரும்பாலும் பத்துச் சுற்றுக்குள் முடிந்துவிடும். எங்கே சறுக்கினோம் என்பது சுலபமாகக் கண்ணில் படும். இதற்கு மாறாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரட்டையரில் ஒரே சுற்றில் நான்கு போக்கிமான்களைக் கவனிக்க வேண்டுமே என்பது அவர்கள் வாதம். அது உண்மைதான். ஆனாலும் நான் கற்றது அந்த வழியில்.

ஒரே ஒரு சுற்று

இரட்டையரில் முதல் சுற்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். உங்கள் பக்கம் 169 வேகமுள்ள கார்சோம்ப்பும், நெருப்பும் இருளும் சேர்ந்த பூனை இனமான இன்சினரோரும். எதிரே 167 வேகமுள்ள சாரிசார்ட்டும், அமூங்கஸ் என்ற விஷக்காளானும்.

வேகம் எப்படி இருந்தாலும் சில வித்தைகள் முந்திக்கொள்ளும். இன்சினரோரின் ‘ஃபேக் அவுட்’ அப்படிப்பட்டது. களத்துக்கு வந்த முதல் சுற்றில் மட்டும் பலிக்கும். அடிபட்டவர் அந்தச் சுற்றில் திகைத்து நின்றுவிடுவார். அமூங்கஸ் மெதுவானது, ஆனால் ‘ஸ்போர்’ என்ற அதன் தூள் பட்டால் தூக்கம்தான், குறி தவறாது. எனவே உங்கள் திட்டம் வெளிப்படையாகத் தெரிகிறது. இன்சினரோர் ஃபேக் அவுட்டால் அமூங்கஸை நிறுத்தும். கார்சோம்ப் ராக் ஸ்லைடால் சாரிசார்ட்டைச் சாய்க்கும். அமூங்கஸுக்குத் தாக்குதலைத் தன் பக்கம் இழுக்கும் வித்தை தெரியும்; ஆனால் ராக் ஸ்லைடு எதிரே இருக்கும் இருவர் மீதும் ஒருசேர விழுவது, அதை இழுக்க முடியாது. எல்லாம் கச்சிதம்.

உங்களுக்குத் தெரிந்தது எதிராளிக்கும் தெரியும். அதே கணக்கு அவர் தலையிலும் ஓடுகிறது. தன் சாரிசார்ட் இரண்டு புள்ளி பிந்துகிறது, பாறை பட்டால் போய்விடும் என்று அவர் அறிவார். அவர் என்ன செய்வார்?

‘புரொடெக்ட்’ போடலாம். அந்தச் சுற்று முழுவதும் சாரிசார்ட்டை எதுவும் தொடாது. உங்கள் ஃபேக் அவுட் செலவாகிவிடும், ராக் ஸ்லைடு அமூங்கஸ் மீது மட்டும் விழும். அடுத்த சுற்றில் ஃபேக் அவுட் பலிக்காது, அமூங்கஸ் திகைப்பிலிருந்து மீண்டுவிடும். ஒரு சுற்று அடிக்காமல் இருந்ததில் அவருக்குக் கிடைத்த லாபம் அது.

அல்லது அமூங்கஸை உள்ளே அழைத்து, தன்னுடைய இன்சினரோரை அனுப்பலாம். மாற்றங்கள் தாக்குதலுக்கு முன்பே நடந்துவிடும். இன்சினரோர் களத்துக்கு வந்ததும் அதன் ‘இன்டிமிடேட்’ என்ற இயல்பு, அதாவது வித்தை எதுவும் போடாமலே தானாக வேலை செய்யும் குணம், உங்கள் இருவரின் தாக்குதலையும் மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கும். கார்சோம்ப்பின் தாக்குதல் 182-இலிருந்து 121-க்கு இறங்குகிறது. இப்போது ராக் ஸ்லைடு சாரிசார்ட்டுக்குச் செய்யும் சேதம் 104 முதல் 124 வரைதான். 153 உயிர் கொண்ட சாரிசார்ட் நிச்சயம் பிழைக்கிறது, அதே சுற்றில் திருப்பி அடிக்கவும் செய்கிறது. அவர் எந்த வித்தையையும் பயன்படுத்தாமல், ஆளை மட்டும் மாற்றி உங்கள் திட்டத்தை முறித்துவிட்டார்.

ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களில் இன்னொரு வழியும் உண்டு. ‘டெராஸ்டல்’ என்ற படிக மாற்றத்தால் ஆட்டத்துக்கு ஒருமுறை, ஒரு போக்கிமானின் வகையையே மாற்றலாம். சாரிசார்ட் டிராகன் வகையாகிவிட்டால் பாறை அதற்குச் சாதாரணத் தாக்குதல்.

இப்போது உங்கள் முறை. அவர் புரொடெக்ட் போடுவார் என்று உறுதியாகத் தோன்றினால், ராக் ஸ்லைடை விட்டுவிட்டு ‘சுவார்ட்ஸ் டான்ஸ்’ ஆடி கார்சோம்ப்பின் தாக்குதலை இரட்டிப்பாக்கலாம். அவர் ஒளிந்துகொண்ட சுற்று உங்களுக்குச் சும்மா கிடைத்ததாகிவிடும். ஆனால் நீங்கள் அப்படி நினைப்பீர்கள் என்று அவர் ஊகித்து, துணிந்து தாக்கிவிட்டால்? கார்சோம்ப் நடனமாடிக்கொண்டிருக்கும்போது அடி விழும்.

என் அனுபவத்தில், ஆரம்பத்தில் இந்த ஊகப் படிகளில் மூன்றாவது நான்காவது என்று ஏறிப் போவது வீண். எதிராளிக்கு மிகவும் பாதுகாப்பான முடிவு எது என்று மட்டும் கேளுங்கள். அதைச் செய்தாலும் எனக்குப் பெரிய நஷ்டம் இல்லாத முடிவு எது என்று அடுத்துக் கேளுங்கள். மேலே சொன்ன சுற்றில், ராக் ஸ்லைடு புரொடெக்ட்டில் மோதினாலும் உங்களுக்கு அதிகம் போகவில்லை. நடனமாடி அடிபட்டால் நிறையப் போகிறது. முதல் ஐம்பது ஆட்டங்களுக்கு இந்த இரண்டு கேள்விகள் போதும்.

புரொடெக்ட்டை அடுத்தடுத்து இரண்டு முறை போட்டால், இரண்டாவது முறை பலிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இந்தச் சுற்றில் ஒளிந்தார் என்றால், அடுத்த சுற்றில் அநேகமாக வெளியே வந்தாக வேண்டும்.

வேகத்தைப் பற்றி இன்னும் ஒன்று. 167-ஐ வெல்ல 169 வேண்டும் என்பது நேர்வழி. வேறு வழிகளும் உண்டு. ‘டெயில்விண்ட்’ காற்று உங்கள் பக்கத்தின் வேகத்தை நான்கு சுற்றுகளுக்கு இரட்டிப்பாக்கும். ‘டிரிக் ரூம்’ களத்தையே தலைகீழாக்கும். ஐந்து சுற்றுகளுக்கு மெதுவானவர்களே முந்துவார்கள். இதற்கென்றே ஆமை இனமான டார்கோலை வேகம் 22-க்குக் குறைத்து வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பிறவிப் புள்ளி 0, வேகத்தைக் குறைக்கும் சுபாவம். கதையில் எவரும் விரும்பாத போக்கிமான், இங்கே 169 வேகக் கார்சோம்ப்பை நிற்கவைத்துவிட்டு முதலில் நெருப்பைக் கக்குகிறது. உங்கள் அணியில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வழி ஒன்றாவது இருக்கட்டும்.

வாஷிங்டனில் ஓர் அணில்

2014-இல் உலகப் போட்டி அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் நடந்தது. அதில் வென்றவர் தென்கொரியாவைச் சேர்ந்த சே ஜுன் பார்க். அவர் அணியில் கார்சோம்ப் இருந்தது. அந்த ஆண்டில் பலர் வைத்திருந்த போக்கிமான்தான். உலகம் இன்றுவரை பேசுவது அவர் அணியில் இருந்த பச்சிரிசுவைப் பற்றி.

பச்சிரிசு ஒரு சிறிய மின்சார அணில். கார்சோம்ப்பின் ஆறு அடிப்படை எண்களையும் கூட்டினால் 600 வரும், பச்சிரிசுவுக்கு 405. அதன் தாக்குதல் வெறும் 45. இதை ஏன் உலக இறுதிவரை கொண்டுவந்தார்?

அவர் அணியில் முக்கியமான தாக்குநர்களில் ஒன்று கியாரடோஸ். நீரும் பறத்தலும் சேர்ந்தது, மின்சாரம் பட்டால் நான்கு மடங்கு. எந்த எதிராளியும் அதை மின்சாரத்தால் தாக்கவே பார்ப்பார். பச்சிரிசுவுக்கு ‘ஃபாலோ மி’ என்ற வித்தை தெரியும்; எதிரிகளின் ஒற்றைக் குறித் தாக்குதல்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதோடு அதன் இயல்பு ‘வோல்ட் அப்சார்ப்’, மின்சாரம் பட்டால் அடிபடாமல் உயிர் கூடும். ஆக, கியாரடோஸை நோக்கி வந்த மின்னல் அணிலிடம் திரும்பி, அணிலுக்கு மருந்தாகியது. வேறு தாக்குதல்கள் வந்தால் தாங்குவதற்காகப் பயிற்சிப் புள்ளிகளும், உயிரை மீட்டுத்தரும் சிட்ரஸ் பழமும். திருப்பி அடிக்க ‘சூப்பர் ஃபேங்’. எதிரியிடம் மிச்சமிருக்கும் உயிரில் சரிபாதியை அது எடுத்துவிடும். அந்த வித்தைக்குத் தாக்குதல் எண் 45 ஆக இருந்தாலும் 450 ஆக இருந்தாலும் ஒன்றுதான்.

மேலே சொன்னவற்றை மறுபடி பாருங்கள். இயல்பு, பொருள், வித்தை, பயிற்சி எல்லாம் ஒரே ஒரு வேலைக்காகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. புதியவர்கள் அணி கட்டும்போது ஆறு பலசாலிகளைத் தேடுகிறார்கள். நான் அப்படித்தான் தேடினேன். பார்க் கியாரடோஸுக்கு என்ன துணை வேண்டும் என்று தேடியிருக்கிறார். அன்று இருந்த 700-க்கும் மேற்பட்ட இனங்களில் அந்தத் தேவைக்குப் பொருந்தி வந்தது இந்த அணில்.

அதிர்ஷ்டத்தைப் பற்றிக் கேட்பார்கள். உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ராக் ஸ்லைடு குறிபடும் வாய்ப்பு 90 சதவீதம். இரு எதிரிகளுக்கும் தனித்தனியாகக் குலுக்குவதால் இருவர் மீதும் விழும் வாய்ப்பு 81 சதவீதம்தான். பட்டவர் திகைத்துப்போக 30 சதவீத வாய்ப்பு. எந்தத் தாக்குதலும் ஒன்றரை மடங்காகும் உச்ச அடிக்கு 24-இல் 1. ஒரு தனி ஆட்டத்தை இவை புரட்டிப்போடும். அதனால்தான் பெரிய போட்டிகளில் மூன்றில் இரண்டு வென்றவரே வெற்றியாளர். ராக் ஸ்லைடு தவறியதால் தோற்றேன் என்று சொல்லத் தோன்றும்போது, ராக் ஸ்லைடு பட்டே தீர வேண்டும் என்ற நிலைக்கு எப்படி வந்தேன் என்று இரண்டு சுற்று பின்னால் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே ஒரு தவறான முடிவு கிடைக்கும்.

எங்கே தொடங்குவது?

‘போக்கிமான் ஷோடவுன்’ என்ற இலவசத் தளத்தில். கணினி உலாவியிலோ கைபேசியிலோ திறந்தால் போதும், எதையும் பிடிக்கவோ வளர்க்கவோ வேண்டாம். வேண்டிய போக்கிமானுக்கு வேண்டிய எண்களைத் தட்டச்சு செய்தால் அணி தயார். அணியே இல்லாமலும் ஆடலாம். தற்செயல் அணிகளோடு மோதும் ஒரு வடிவம் அங்கே உண்டு. நூற்றுக்கணக்கான போக்கிமான்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. அதில் முப்பது ஆட்டம் ஆடிவிட்டு இரட்டையருக்கு வாருங்கள்.

முதல் அணியை நீங்களே கட்டாதீர்கள். இது கசப்பாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் வெளியிட்ட அணி ஒன்றை அப்படியே எடுத்துக்கொண்டு ஆடினால், தோல்விக்குக் காரணம் அணியா நானா என்ற குழப்பம் இருக்காது. ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களிலேயே பிறர் அணியைக் குறியீட்டு எண் மூலம் வாடகைக்கு எடுக்கும் வசதி இருக்கிறது. எடுத்த அணியை ஒரு மாதமாவது மாற்றாமல் வைத்திருங்கள். மூன்று ஆட்டம் தோற்றதும் அணியை மாற்றுபவர்கள் எந்த அணியையும் கற்பதில்லை.

பிறகு உங்களுக்குப் பிடித்த போக்கிமானைச் சுற்றி ஓர் அணி கட்டலாம். கதையில் கூடவே வந்த பழைய தோழனையும் கைவிட வேண்டாம். 50-ஆம் நிலையைத் தொட்டால் ‘பாட்டில் கேப்’ கொடுத்துப் பிறவிக் குறையைச் சரிசெய்யலாம். ‘மின்ட்’ இலைகள் சுபாவத்தின் பலனை மாற்றும். சத்து மருந்துகள் ஒவ்வொன்றும் 10 பயிற்சிப் புள்ளிகள் தரும். 26 வாங்கினால் ஒரு திறன் நிரம்பிவிடும். என் கார்சோம்ப்புக்கு நான் செய்ததும் இதைத்தான். ஒரே ஓர் இலையில் அது 154-இலிருந்து 169-க்கு வந்தது.

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அந்த ஆட்டத்தின் பதிவைப் பாருங்கள். ஷோடவுன் அதைச் சேமித்துத் தருகிறது. ஒரே ஒரு சுற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அங்கே வேறு என்ன செய்திருக்கலாம் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். நான் அதற்கென ஒரு நோட்டு வைத்திருந்தேன். என் ஆறு போக்கிமான்களின் வேக எண்கள் அட்டையின் உட்பக்கத்தில் இருக்கின்றன. முதல் பக்கத்தில், அந்த முதல் இரவைப் பற்றிப் பிறகு எழுதிய வரி இப்போதும் இருக்கிறது: “சாரிசார்ட் 167. நான் 154. முதல் சுற்றில் புரொடெக்ட் போட்டிருக்க வேண்டும்.”